கொள்ளைநோயும் ஜீவனாம்சமும்

இந்தியச் சட்டங்கள் நோயையும் குடும்பத்தையும் ஒரே மூச்சில் பேசிய முக்கியமான இடம் நெடுங்காலமாக விவாகரத்துதான். தொழுநோய் கண்ட துணையிடமிருந்து விலகிக்கொள்ள 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் மனைவிக்கு வழி செய்தது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் இருபாலாருக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டன. தொழுநோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்த நோயை விவாகரத்துக் காரணங்களிலிருந்து நீக்க 2019வரை ஆனது. அந்த ஆண்டுதான் நாடாளுமன்றம் ஐந்து சட்டங்களைத் திருத்தியது. நோய் வந்தால் உறவை எப்படி அறுத்துக்கொள்வது என்று இவ்வளவு கவனமாக எழுதிவைத்தவர்கள், ஏற்கெனவே பிரிந்துபோன குடும்பம் நோய்க்காலத்தில் எதைச் சாப்பிடும், பிள்ளை எந்த வீட்டில் இருக்கும், அப்பாவையோ அம்மாவையோ பார்க்க எப்படிப் போகும் என்பதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த வெற்றிடத்தில்தான் சிக்கின. ஜீவனாம்சமும் பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் கொள்ளைநோய்க் காலத்தில் அரிசி, மருந்து, பாலைப் போலவே நிறுத்தக்கூடாத அத்தியாவசியங்கள் என்பது என் வாதம். இது புதிதாகக் கேட்கும் சலுகையும் இல்லை. ஜீவனாம்சச் சட்டம் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தாலே இந்த முடிவுக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

முதலில் கொள்ளைநோய்ச் சட்டத்தைப் பார்ப்போம். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. மறு ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு அவசரமாகக் கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம் அது. பயணிகளைச் சோதிக்கலாம், நோயாளிகளையும் சந்தேகத்துக்குரியவர்களையும் பிரித்துவைக்கலாம், மீறுவோரைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரிமீது வழக்குத் தொடர முடியாது. சாரம் இவ்வளவுதான். அதிகாரிக்கு என்ன அதிகாரம் என்று பேசிய சட்டம், முடக்கப்பட்டவர்களுக்கு அரசு என்ன கடன்பட்டிருக்கிறது என்று பேசவில்லை. பிரிந்த குடும்பம் என்ற ஒன்று அதை எழுதியவர்களின் கண்ணில் பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் பெரும்பாலான இந்துக்களுக்கு எழுதப்பட்ட விவாகரத்துச் சட்டம் இல்லை. பல சமூகங்களில் உறவைத் தீர்த்துவிடும் வழக்கம் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பரிசப்பணத்தையும் பிள்ளையையும் பற்றிப் பேசி முடிக்கும். அரசின் பதிவேட்டுக்கு அது வராது. இந்துக்களுக்கான பொதுவான விவாகரத்துச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949இல்தான் வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து நாடு முழுவதற்கும் வந்தது. அதற்குப் பிறகும் கொள்ளைநோய்ச் சட்டம் தன் நான்கு பிரிவுகளோடு அப்படியே இருந்தது. குடும்பம் சட்டத்துக்குள் வந்து சேர்ந்த மாற்றம் அதைத் தொடவே இல்லை.

ஜீவனாம்சத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, வசதியிருந்தும் மனைவியையும் பிள்ளைகளையும் கைவிட்டவனிடமிருந்து மாதப்பணம் வாங்கித் தரும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுக்கப்பட்டது. கணவன் மனைவி விவகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. அதைக் குற்றவியல் சட்டத்தில் வைத்ததற்குக் காரணம் வேகம். சொத்து வழக்குபோல ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் உடனே சோறு கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். 1872ஆம் ஆண்டின் சட்டத்தை வடித்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், கைவிடப்பட்டவர்கள் தெருவில் அலைவதையும் அதன் விளைவுகளையும் தடுக்கும் ஏற்பாடாகவே இதைப் பார்த்தார். கருணையைவிடப் பொது ஒழுங்கைப் பற்றிய கவலைதான் அதில் அதிகம். பிளேக் சட்டத்தைப் பிறப்பித்ததும் அதே கவலைதான். தொகைக்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள்: முதலில் மாதம் 50 ரூபாய், 1923இல் 100, 1955இல் 500. 1973ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் இது 125ஆம் பிரிவானது, பெற்றோரும் சேர்க்கப்பட்டார்கள், 500 ரூபாய் வரம்பு மட்டும் 2001வரை நகரவில்லை. 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்தப் பிரிவைக் காலனியக் காவல் சிந்தனையிலிருந்து எடுத்து, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிச்சலுகை தர இடமளிக்கும் அரசமைப்பின் 15(3)ஆம் உறுப்பின்மீது நிறுத்தினார். அடித்தளம் மாறினாலும் வேலை மாறவில்லை. பசிக்கும் தெருவுக்கும் நடுவே நிற்கும் கடைசித் தடுப்பு அது. நாடே முடங்கி வேலையும் கூலியும் நின்றுபோகும் காலத்தைவிட அந்தத் தடுப்பு அதிகம் தேவைப்படும் காலம் வேறு எது?

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் மெதுவாகவே கனிந்தது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம் தகப்பனின் உரிமையிலிருந்து தொடங்கியது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம் ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கட்டும் என்றது. பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்றும் எழுதியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், தகப்பன் உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று விளக்கியது. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில், பெற்றோர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறைக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்த வரிசையைப் படிக்கும்போது ஓர் உண்மை துலங்குகிறது. பிள்ளையைப் பெற்றோரின் உடைமையாகப் பார்த்த சட்டம், பெற்றோர் இருவரையும் பெறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்ற நிலைக்கு வந்துகொண்டிருந்தது. 2020 மார்ச் அந்தப் பயணத்தை ஒரே இரவில் நிறுத்திவைத்தது.

நிறுத்த முடிந்ததற்குக் காரணம், நம் குடும்ப நீதிமன்றம் முழுக்கக் கட்டடத்தை நம்பி எழுந்த அமைப்பு என்பதுதான். 1974இல் சட்ட ஆணையத்தின் 59ஆம் அறிக்கை குடும்ப வழக்குகளுக்கு வேறு அணுகுமுறை வேண்டும் என்றது. 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. சென்னையிலும் பின்னர் பிற மாவட்டங்களிலும் நீதிமன்றங்கள் தொடங்கின. சமரசம் பேசி முடிப்பது முதற்கடமை, கவுன்சிலர் முன்னால் இருவரும் உட்கார வேண்டும், வழக்கறிஞர் வருவது உரிமையாகாது, பிள்ளையை நீதிமன்ற வளாகத்திலேயே பார்க்கலாம். அத்தனையும் நல்ல எண்ணத்தில் செய்தவை. அத்தனையும் ஆள் நேரில் வந்தால்தான் நடப்பவை. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, தொலைவில் இருக்கும் தரப்பு காணொலியில் வரலாம் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் திருத்தியது. சமரச முயற்சி தோற்ற பிறகு, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கேட்டால் மட்டுமே காணொலி என்பது பெரும்பான்மையின் கருத்து. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார்; தொழில்நுட்பம் நீதியைப் பெண்ணுக்கு அருகில் கொண்டுவரும் என்றார். மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2020 ஏப்ரல் 6 அன்று நாட்டின் நீதிமன்றங்கள் எல்லாம் காணொலியில் நடக்க உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அந்த இடைப்பட்ட காலத்தைக் குடும்ப நீதிமன்றங்கள் காணொலிக்குப் பழகிக்கொள்ளப் பயன்படுத்தியிருந்தால், ஊரடங்கு நாளில் அவை இவ்வளவு திகைத்து நின்றிருக்காது.

ஊரடங்கில் நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், மார்ச் 15 முதல் வழக்குகளுக்கான காலக்கெடுக்களை நீட்டித்தது. ஜீவனாம்சப் பாக்கியை வசூலிக்க ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவுக்கும் இதனால் பாதுகாப்பு கிடைத்தது, அது நன்மை. ஆனால் கெடு நீண்டதால் உரிமை சாகாமல் இருந்ததே தவிர, பணம் கைக்கு வரவில்லை. மார்ச் 25 முதல் மே 31 வரை 68 நாட்கள் நாடு முடங்கியிருந்தது. நீதிமன்றங்கள் அவசர வழக்குகளை மட்டும் எடுத்தன. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று 125ஆம் பிரிவுக்கு 2001இல் வந்த திருத்தமே சொல்லியிருந்தது. சட்டமே அவசரம் என்று நாள் குறித்துச் சொன்ன ஒன்றை அவசரப் பட்டியலின் உச்சியில் வைத்திருக்க வேண்டும். அது நடக்காததற்கு நோயை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சம் பற்றிய விரிவான நெறிமுறைகளைத் தந்தது: மனுப் போட்ட நாளிலிருந்தே பணம் கணக்கிடப்பட வேண்டும், இரு தரப்பும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், இடைக்கால மனு நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் முடிய வேண்டும். அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கில் இடைக்கால மனு போடப்பட்டது 2013இல். கொரோனாவுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே தாமதம் நம் நீதிமன்றங்களின் வழக்கமாகியிருந்தது. நோய் அந்தத் தாமதத்துக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்தது.

பிள்ளையைப் பார்க்கும் உரிமையில், பிரிந்த குடும்பத்தைப் பற்றிய மறதி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2020 மார்ச் 24 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஊரடங்கு ஆணையில் ரேஷன் கடை, வங்கி, பெட்ரோல் பங்க், ஊடகம் எனப் பல விலக்குகள் உண்டு. இறுதிச் சடங்குக்கு இருபது பேர்வரை கூடலாம் என்றுகூட எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கே முதலில் அது கிடைத்தது. குடும்பம் சேரும் நாளும் குடும்பத்தில் ஒருவர் மறையும் நாளும் அரசுக்குத் தெரிந்திருந்தன. பிரிந்த குடும்பத்தின் சனி ஞாயிறுகள் தெரியவில்லை. இங்கிலாந்தில் மார்ச் 26 அன்று வந்த ஊரடங்கு விதிகள், பெற்றோர் தனித்தனி வீடுகளில் வாழ்ந்தால் பிள்ளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் ஏற்பாட்டைத் தொடர்வது நியாயமான காரணம் என்று ஒரு தனிப்பிரிவிலேயே சொல்லின. அங்கும் நோய் கடுமையாகத்தான் இருந்தது. பிரிந்த குடும்பத்தை நினைவில் வைத்து விதி எழுதியதுதான் வேறுபாடு. இங்கே ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், நேரில் பார்ப்பதற்குப் பதிலாகத் தொலைபேசியிலும் காணொலியிலும் பிள்ளையோடு பேசலாம், பெற்றோர் பேசி முடிவுசெய்யலாம், முடியாவிட்டால் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம் என்றது. பயனுள்ள வழிகாட்டல்தான். ஆனால் ஒத்துப்போக முடியாமல் நீதிமன்றம் வந்தவர்களிடம் ஒத்துப்போங்கள் என்று சொல்லிவிட்டு, அரைகுறையாகத் திறந்திருந்த நீதிமன்றத்தையே மாற்றுவழியாகக் காட்டியதில் ஒரு போதாமை இருக்கிறது.

நிவாரணப் பணத்திலும் இதே கதை. 2020 ஏப்ரலில் தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. 2021இல் 4,000 ரூபாய் இரண்டு தவணைகளில் வந்தது. இரண்டும் குடும்ப அட்டைக்கு வந்த பணம். கணவன் வீட்டு அட்டையில் பெயர் நீங்காமல் பிறந்த வீட்டில் வந்து இருக்கும் பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்குமான பங்கு எந்த வீட்டுக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மத்திய அரசு பெண்களின் ஜன் தன் கணக்குகளில் மூன்று மாதங்களுக்கு 500 ரூபாய் வீதம் போட்டது. தொகை சிறியது, ஆனாலும் அது அவள் பெயரில் இருந்த கணக்குக்கு வந்தது, அதனால் அவளிடம் போய்ச் சேர வழியிருந்தது. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான பணத்தை வசூலிக்க 1975 முதலே அரசு அமைப்பு உண்டு. அதனால் 2020இல் தகுதியுள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் 1,200 டாலர்வரை வந்த நிவாரணத்தில், பிள்ளைப் பணம் பாக்கி வைத்தவரின் பங்கைப் பிடித்துப் பிள்ளை வளரும் வீட்டுக்குத் திருப்ப முடிந்தது. அடுத்த தவணைகளில் அந்தப் பிடித்தம் நிறுத்தப்பட்டது. ஏழைத் தகப்பனும் சாப்பிட வேண்டுமே என்பது எதிர்வாதம். எது சரி என்பதில் இருவேறு கருத்து இருக்கலாம். பிரிந்த வீட்டுப் பிள்ளையை நிவாரணச் சட்டத்துக்குள் வைத்து அவர்கள் விவாதித்தார்கள் என்பது முக்கியம். நம்மிடம் அந்த விவாதமே எழவில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை எடுத்துக்கொள்வோம். உயிருக்கே ஆபத்தான நேரத்தில் நீதிமன்றத்தை மூடியதையும் நடமாட்டத்தைத் தடுத்ததையும் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். மூடியதில் குறையில்லை, எதை மூடக்கூடாது என்று தேர்ந்ததில்தான் குறை. கைது செய்யப்பட்டவர்மீது உரிய காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் அவருக்கு ஜாமீன் உரிமை உண்டு. காலக்கெடு நீட்டிப்பைக் காட்டி அந்த உரிமையை மறுத்த ஒரு வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம், ஊரடங்கு தனிமனித சுதந்திரத்தை நிறுத்திவைக்காது என்று உறுதியாகச் சொன்னது. மிகச் சரியான தீர்ப்பு அது. சுதந்திரத்தை நிறுத்திவைக்க முடியாதென்றால் சோற்றை நிறுத்திவைப்பது எப்படிச் சரியாகும்? ஜீவனாம்ச உத்தரவு போட நூறு பேர் கூட வேண்டியதில்லை. இரண்டு பிரமாணப் பத்திரங்களும் ஒரு காணொலி விசாரணையும் போதும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வேலை போனவன் எங்கிருந்து கொடுப்பான்? இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் மதிப்பீட்டின்படி 2020 ஏப்ரலில் மட்டும் சுமார் 12 கோடிப் பேர் வேலை இழந்தார்கள். பாக்கி வைத்தவர் எல்லோரையும் பொறுப்பற்றவர் என்று சொல்வது அநியாயம். ஆனால் சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு வழி வைத்திருந்தது. நீதிமன்றம் முடங்கியபோது அந்த வழியும் முடங்கியது. அவளுக்குப் பணம் வரவில்லை. அவனுக்குக் குறைப்பும் கிடைக்கவில்லை. பாக்கி மட்டும் மாதாமாதம் ஏறியது. மாதம் ஒன்றுக்கு ஒரு மாதம்வரை சிறை என்ற தண்டனையும் அந்தப் பாக்கியோடு வந்தது. ஆகவே நீதிமன்றத்தைத் திறந்துவைக்கச் சொல்வது ஒரு தரப்புக்கு மட்டும் பேசும் வாதமாகாது. அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. சுவீடன் 1937இலேயே, தகப்பன் கொடுக்காத பிள்ளைப் பணத்தை அரசே முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு அவனிடம் வசூலிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் 1980இல் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளையின் சாப்பாட்டைத் தகப்பனின் சம்பளச் சீட்டோடு மட்டும் கட்டிவைக்காத ஏற்பாடு இது. சம்பளமே நின்றுபோகும் காலத்தில் இதன் அருமை தெரியும்.

மூன்றாவது மறுப்பு, பார்க்கும் உரிமை வன்முறைக்கு வாசல் திறக்கும் என்பது. இந்தப் பயம் நியாயமானது. ஊரடங்கில் குடும்ப வன்முறை பற்றிய புகார்கள் கூடியதால்தான் தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் எண்ணைத் திறந்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தன் 21ஆம் பிரிவில், பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று தோன்றினால் பார்க்க அனுமதி மறுக்கலாம் என்கிறது. அந்தப் பாதுகாப்பும் நீதிமன்றம் இயங்கினால்தான் கிடைக்கும். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது, யார் காணொலியில் மட்டும் பார்க்கலாம் என்று பிரித்துச் சொல்ல ஒரு நீதிபதி வேண்டும். எல்லோரையும் ஒன்றாக நிறுத்தும் ஊரடங்கு நல்ல தகப்பனையும் அடிக்கும் தகப்பனையும் ஒரே தட்டில் வைக்கிறது.

இது சிலரின் பிரச்சினை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவாகரத்துப் பெற்றவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர்; சட்டப்படி விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழ்பவர்கள் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்த இரண்டாம் கூட்டத்தினர்தான் அட்டையிலும் ஆணையிலும் காணாமல் போகிறவர்கள். ஊரார் பார்வையில் இன்னும் மணமானவர்கள், வாழ்க்கையில் தனியானவர்கள், வழக்கு மன்றத்தில் பெயர் இல்லாதவர்கள். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அவர்களுக்கென்று எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. கூட்டமாக வந்து கேட்க அவர்களால் முடியாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. 2020 ஏப்ரலில் மத்திய அரசு 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி மருத்துவப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. 123 ஆண்டுப் பழைய சட்டத்தைச் சில நாட்களில் திருத்த முடியும் என்பதற்கு அதுவே சான்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, பழைய 125ஆம் பிரிவின் 60 நாள் கெடுவை அப்படியே எடுத்துக்கொண்டது; நோய்க்காலம் பற்றி அதில் ஒன்றுமில்லை. கிடைத்த நல்ல வாய்ப்பு அது, கைநழுவிவிட்டது. தமிழ்நாட்டுக்கு இன்னொரு வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. 1939இல் இந்தியாவிலேயே முதன்முதலாக முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றியது சென்னை மாகாணம். தொற்றுநோயைத் தடுப்பதோடு தாய் சேய் நலத்தையும் பொதுச் சுகாதாரத்தின் பகுதியாக அது எண்ணியது. அந்த மரபை நீட்டி நான்கு ஏற்பாடுகளைச் சேர்க்கலாம். ஜீவனாம்ச மனுக்களும் தொகையை மாற்றக் கேட்கும் மனுக்களும் எந்த ஊரடங்கிலும் காணொலியில் நடக்க வேண்டும். நீதிமன்றம் அனுமதித்த பிள்ளைச் சந்திப்புக்கான பயணம் விலக்குகளின் பட்டியலில் முதல்நாளே இருக்க வேண்டும். நிவாரணம் அட்டைக்கு மட்டும் போகாமல், பிரிந்து வாழும் தாய்க்கும் அவள் பிள்ளைக்கும் தனிக்கணக்கில் போக வேண்டும். தகப்பனுக்கு வருமானம் நின்ற மாதங்களில் அரசு ஒரு சிறு முன்பணம் கொடுத்துப் பின்னர் வசூலித்துக்கொள்ள வேண்டும். அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று அவசரமாக எழுதப்படும் ஆணையில் இந்தக் குடும்பங்கள் மீண்டும் விடுபடாமல் இருக்க வேண்டுமானால், அவர்களுக்கான விதி நோயில்லாத இந்த நாட்களிலேயே சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.